கீழ்த் தடுப்பின் வியாழக்கிழமைகள்

— ஜீப்பை விட்டு இறங்கினதுலேருந்து டீ டீன்னு என்னையே சுத்திச் சுத்தி வரே. டீ வேண்டாம்ப்பா. பூட்ஸை மாட்டு. ஓடையோட கீழ்த் தடுப்புக்குக் கிளம்பலாம்.

— மூணு மணி நேரம் குலுங்கிக்கிட்டு வந்திருக்கீங்க அண்ணி. ஒரு வாய் டீ குடிச்சா மலை என்ன ஓடியா போயிடப் போகுது? உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு மூணு கால்தான். பேட்டரிப் பெட்டி மேல உக்காருங்க.

— இப்போ மணி பத்தேகால். கீழ இறங்க அரை மணி நேரம். பத்தே முக்காலுக்கு நான் அங்க இருக்கணும்.

— பத்தே முக்காலுக்கு அங்க என்ன, ரயிலா வருது?

— விளையாடாதே. தண்ணி மட்டம் அளக்கற புது சென்சாரைக் கொண்டு வந்திருக்கேன். வெள்ளத்துல போனதுக்குப் பதிலா ஒண்ணு வாங்க நம்ம ஆபீஸுக்குப் பதினாலு மாசம் ஆகியிருக்கு. இன்னைக்கே மாட்டணும்.

— சென்சாரை மாட்டறதுக்கு ரெக்கார்டு செக்ஷன்லேருந்து நீங்களா வரணும்? டிரைவர்கிட்ட கொடுத்து அனுப்பியிருந்தா நானே மாட்டியிருப்பேனே. பத்து வருஷமா ஆபீஸ்ல உக்காந்து எங்க ரீடிங்கை எல்லாம் சலிச்சுச் சலிச்சுக் கல்லுப் பொறுக்கறவங்க நீங்க. உங்களுக்கு எதுக்கு இந்தப் பாறையும் அட்டைப்பூச்சியும்?

— வரணும்னு தோணுச்சு. வந்தேன்.

— அப்போ நாளைக்குப் போகலாம். ரெண்டு நாளா தூறல். பாதை எல்லாம் எண்ணெய் தடவின மாதிரி இருக்கு. சத்தியமா சொல்றேன், மேல் தடுப்புக்குப் போயிட்டு வர்றதுக்குள்ளயே காலையில ரெண்டு தடவை உக்காந்துட்டேன். என் பேண்ட்டைப் பாருங்க.

— நாளைக்கு வெள்ளிக்கிழமை.

— ஆமா. அதுக்கென்ன?

— எனக்கு வியாழக்கிழமைதான் வேணும். இந்தச் சென்சாரை மாட்டிட்டா அது கால் மணிக்கு ஒரு தடவை தானே எழுதிக்கும். அப்புறம் வாரா வாரம் யாரும் கீழ போய் ஸ்கேல் பார்க்க வேண்டாம். வியாழக்கிழமை ரீடிங் இன்னையோட நின்னுடும். அதனாலதான் வந்தேன். இதுக்கு மேல தள்ளிப் போட எனக்கு நாள் இல்லை.

— நீங்க பேசறது ஒண்ணும் எனக்குப் புரியலை அண்ணி.

— புரியலையா? சரி, ஒண்ணு கேக்கறேன். கீழ்த் தடுப்புல வியாழக்கிழமை ரீடிங் எடுக்கறது யாரு?

— இது என்ன கேள்வி? நான்தான். இந்த மலையில என்னை விட்டா குரங்குதான் இருக்கு. அதுக்கு எண்ணத் தெரியாது.

— நீ இல்லை.

— என்ன அண்ணி…

— தம்பி, நீ இங்க வந்து ஒன்பது வருஷம் ஆகுது. ஒன்பது வருஷமா உன் நம்பரை நான் பார்த்துக்கிட்டிருக்கேன். நீ ஸ்கேல் பார்த்தா கடைசி எண் ஒண்ணு பூஜ்யமா இருக்கும், இல்லைன்னா அஞ்சா இருக்கும். முப்பத்தொண்ணரை, இருபத்தெட்டு. மணியும் அப்படித்தான். பத்தரை, பதினொண்ணு. உன் கடிகாரத்துல வேற நேரமே கிடையாது. மேல் தடுப்புலேருந்து நீ அனுப்பறது இன்னைக்கும் அப்படித்தான் வருது.

— அது ஒரு பழக்கம். அதுக்காக…

— பேச விடு. கீழ்த் தடுப்புலேருந்து வர்றது அப்படி இல்லை. பத்து அம்பத்திரண்டு. முப்பத்தொண்ணு புள்ளி நாலு. அலை ரெண்டு. அடுத்த வாரம் பத்து நாப்பத்தெட்டு. முப்பது புள்ளி எட்டு. அலை நாலு. பதினாலு மாசமா அப்படித்தான். கடைசி எண் எப்பவும் ரெட்டைப்படை. ஸ்கேல்ல ரெண்டு மில்லிக்கு ஒரு கோடு. தண்ணி எந்தக் கோட்டைத் தொடுதுன்னு பார்க்கற ஆளுக்குத்தான் ரெட்டைப்படை வரும். ஓடைத் தண்ணி ஆடுமே, அது மேலயும் கீழயும் எவ்வளவு ஆடுதுன்னு நின்னு பார்த்து, அதையும் பக்கத்துல எழுதற ஆளு இந்த ஆபீஸ் தொடங்கின நாள்லேருந்து ஒரே ஒருத்தர்தான்.

— அண்ணி…

— தடுப்புச் சுவத்து மேல குப்புறப் படுத்து, கண்ணைத் தண்ணி மட்டத்துக்கு இறக்கிப் பார்ப்பாரு. சட்டை முன்பக்கம் பூரா பாசி. அதைத் துவைச்சவ நான். உனக்கு நம்பர் மட்டும்தான் தெரியும். எனக்கு அந்த நம்பருக்குப் பின்னாடி அவரு எப்படிப் படுத்திருப்பாரு, மூச்சை எப்படிப் பிடிச்சிருப்பாருன்னு தெரியும். அவரு வர்றாரு. வியாழக்கிழமை வியாழக்கிழமை வர்றாரு, இல்லையா?

— கடவுளே!

— எங்க இருக்காரு? மலைக்கு அந்தப் பக்கமா? யார் வீட்லயாவது இருக்காரா?

— உக்காருங்க அண்ணி. முதல்ல உக்காருங்க.

— உக்காரறது அப்புறம். நீ அவருக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன்னு எனக்குத் தெரியும். அண்ணன் வார்த்தையைத் தட்ட மாட்டே. நான் உன்னைத் திட்ட வரலை. வெள்ளத்துல அடிச்சுட்டுப் போச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. பதினோரு நாள் தேடினாங்க. ஒரு செருப்புகூடக் கிடைக்கலை. கிடைக்கலைன்னா என்ன அர்த்தம்? எங்கயோ கரை ஏறியிருக்காருன்னுதானே அர்த்தம்? ஏறினவரு வீட்டுக்கு வரலை. என் மேல ஏதோ கோபம். இருக்கட்டும். கோபப்பட அவருக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனா ஸ்கேலை விட முடியலை அவரால. என்னை விட முடிஞ்சுது. ஸ்கேலை விட முடியலை. அதுதான் அவரு.

— இந்தப் பையில என்ன அண்ணி?

— ரெண்டு சட்டை. ஸ்வெட்டர். அவரு படிக்கற கண்ணாடி, பழைய ஜோடி. புதுசு அவரு பாக்கெட்லயே போயிடுச்சு இல்ல, இப்போ எதை வச்சு ஸ்கேலைப் பார்க்கறாரோன்னு எனக்கு ஒரே கவலை. ஷேவிங் செட். பிளேடு புதுசு வாங்கினேன்.

— …ஐயோ.

— ஏன்ப்பா அழறே?

— அழலை. புகை.

— அடுப்பே பத்த வைக்கலை நீ.

— அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். போன மழைக்காலத்துல மூணு நாள்ல நூத்தி எண்பது மில்லி பெய்ஞ்சுது. நாலு மழைமானியிலயும் நான்தான் அளந்து அனுப்பினேன். அது நிஜம். அந்த வாரம் கீழ்த் தடுப்புல தண்ணி எவ்வளவுன்னு போட்டிருந்தேன், ஞாபகம் இருக்கா?

— இருபத்தாறு புள்ளி ரெண்டு.

— முந்தின வாரத்தை விடக் கம்மி. இந்த மலையில விழற ஒவ்வொரு சொட்டும் அந்த ஒரு வாய் வழியாத்தான் வெளியே போகணும். மழை கொட்டு கொட்டுன்னு கொட்டியிருக்கு, ஓடையில தண்ணி இறங்கியிருக்குன்னு ஒருத்தன் அனுப்பறான். அனுப்பிட்டுப் போனைக் கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன் அண்ணி. இப்போ கூப்பிடுவீங்க, இப்போ கூப்பிடுவீங்கன்னு. அரை மில்லி வித்தியாசத்துக்கு என்னை நாலு தடவை மலை ஏற வச்சவங்க நீங்க. அன்னைக்கு மட்டும் ஏன் கூப்பிடலை?

— பார்த்தேன். தப்புன்னு தெரிஞ்சுது.

— அப்புறம்?

— பக்கத்துல 'அலை ரெண்டு'ன்னு இருந்துச்சு. அதுக்கு மேல என்னால படிக்க முடியலை. சரின்னு டிக் அடிச்சுட்டேன். கேள்வி கேட்டா அடுத்த வாரம் வராம போயிடுவாரோன்னு பயம். பதினாலு மாசமா நான் இங்க ஏறி வராததும் அதனாலதான். வந்து பார்த்து, அவரு இல்லைன்னு ஆயிட்டா? ஆபீஸ்ல உக்காந்திருந்தா வியாழக்கிழமை பதினொண்ணரைக்கு உன் மெசேஜ் வரும். அன்னைக்கு மட்டும் தலைக்கு நல்லா எண்ணெய் வச்சுப் பின்னிக்கிட்டுப் போவேன். பக்கத்து சீட்டுப் பொண்ணுகூடக் கேட்டுச்சு, வியாழக்கிழமை ஏதாவது விரதமா அக்கான்னு.

— என்னைச் செருப்பால அடிங்க அண்ணி.

— எதுக்கு?

— அடிங்க, அப்புறம் சொல்றேன். சொல்லிட்டா உங்களுக்குக் கை ஓங்கத் தெம்பு இருக்காது.

— தம்பி, எனக்குப் பயமா இருக்கு. சொல்லு.

— வெள்ளத்துக்கு அப்புறம் நான் கீழ்த் தடுப்புக்குப் போகவே இல்லை. ஒரு தடவைகூடப் போகலை. பாதையில அந்த ரெண்டாவது வளைவு இருக்குல்ல, அது வரைக்கும் போவேன். தண்ணிச் சத்தம் கேக்கும். அவ்வளவுதான், கால் ரெண்டும் வேற யாரோடதோ மாதிரி ஆயிடும். அன்னைக்கு அண்ணன் என்னைக் கரையில நிக்கச் சொன்னாரு. 'நீ நெட்டையன், காத்து உன்னைத் தள்ளிடும், இங்கேயே நில்லு'ன்னு சிரிச்சாரு. நின்னேன். அவரு சுவத்துல படுத்தாரு. நம்பரைக் கத்திச் சொன்னாரு. எனக்குச் சரியாக் கேக்கலை. 'என்னண்ணே, என்ன நம்பர்?'ன்னு நான் கத்தினேன். திரும்பி என்னைப் பார்த்தாரு. அப்போதான் வெள்ளத்துல ஒரு மரம் அடிச்சுக்கிட்டு வந்துச்சு.

— இதை நீ யார்கிட்டயும் சொல்லலை.

— சொல்லலை. நம்பரைக் கேட்டு அவரைத் திரும்ப வச்சவன் நான்னு எப்படிச் சொல்ல? ஆபீஸ்ல சொன்னாங்க, சென்சார் வர்ற வரைக்கும் வாரம் ஒரு ரீடிங் போதும், முப்பத்தொரு வருஷ ரெக்கார்டு அறுந்துடக் கூடாதுன்னு. சரின்னு சொல்லிட்டேன். போக முடியலை. பேசாம வேலையை விட்டிருக்கணும். விடலை. வீட்ல ரெண்டு பொண்ணுங்க.

— அப்போ அந்த நம்பர் எல்லாம்? பத்து அம்பத்திரண்டு? அலை ரெண்டு?

— அந்த அலமாரியில, பழைய கிராஃப் தாளுக்கு அடியில, அண்ணனோட கை நோட்டு ஒண்ணு இருந்துச்சு. பதினோரு வருஷத்துக்கு முந்தினது. அப்போ ஆபீஸுக்குப் போனது கருவி கோடு போட்ட கிராஃப் தாள் மட்டும்தான். ஸ்கேல் ரீடிங்கை அவரு தனக்காக எழுதி வச்சுக்கிட்டிருக்காரு. ஒரு வாரத்துக்கு ஒரு பக்கம். அதே மாசம், அதே வாரம் பார்த்து அப்படியே அனுப்பினேன். இந்த ஓடையை அவரு அளவுக்கு அறிஞ்சவங்க யாரும் இல்லை, அவரு நம்பர் தப்பாப் போகாதுன்னு நினைச்சேன். நீங்க அதுல அவரைப் பார்ப்பீங்கன்னு சத்தியமா நினைக்கலை அண்ணி. சத்தியமா.

— கொஞ்சம் தண்ணி கொடு.

— இந்தாங்க. மெதுவா.

— பதினோரு வருஷம். அப்போ நாங்க இங்கதான் இருந்தோம். இந்தக் கொட்டகைக்குப் பின்னாடி அந்த ரெண்டு ரூம் குவார்ட்டர்ஸ். இப்போ கூரை இறங்கிக் கிடக்கே, அதுல. அங்கேருந்துதான் அவரு கிளம்பிப் போவாரு, பாசியோட திரும்பி வருவாரு. நான் அவரு உயிரோட இருக்காருன்னு பார்த்த அத்தனை வியாழக்கிழமையும் நான் ஏற்கெனவே வாழ்ந்து முடிச்சதுதானா?

— ஆமா அண்ணி. எல்லாம் அந்த வருஷத்துதுதான்.

— மறுபடியும் போயிட்டாருப்பா. ஒரு தடவை போனாரு, பதினோரு நாள் தேடினாங்க. இப்போ தேடறதுக்குக்கூட ஒண்ணும் இல்லை.

— நான் எழுதிக் கொடுத்துடறேன் அண்ணி. என் தப்புன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கறேன். நீங்க டிக் அடிச்சதைப் பத்தி வாயைத் திறக்க மாட்டேன். நம்பர் தப்புன்னு நீங்களே வந்து கண்டுபிடிச்சீங்கன்னு சொல்லிடுவேன்.

— பதினாலு மாச ரீடிங்கையும் ரெக்கார்டுலேருந்து அடிச்சு நீக்கணும். வேற வழி இல்லை. முப்பத்தொரு வருஷ ரெக்கார்டுல ஒரு ஓட்டை விழும். உன் வேலை போகும்.

— போகட்டும்.

— போகட்டும்னு சொல்லாதே, எனக்கு ஆத்திரம் வருது. நீ என்ன பண்ணியிருக்கேன்னு உனக்குத் தெரியுதா? அவரு பேரு என்ன இந்த ஆபீஸ்ல? நடமாடுற ஸ்கேல்னு சொல்லுவாங்க. காய்ச்சல்ல போயிருக்காரு. எங்க அப்பா செத்த மறுநாள், சுடுகாட்டுலேருந்து வந்து குளிச்சு, ராத்திரியோட ராத்திரியா பஸ் பிடிச்சு வந்து வியாழக்கிழமை ரீடிங் எடுத்திருக்காரு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் போகாம எழுதினது கிடையாது. அப்படிப்பட்ட மனுஷன் நம்பரை எடுத்து நீ பொய் சொல்லியிருக்கே.

— தெரியும் அண்ணி.

— எனக்கு அதுல எவ்வளவு வயித்தெரிச்சல் இருந்துச்சு தெரியுமா? மழை பெய்ஞ்சா போதும், புது மாப்பிள்ளை மாதிரி கிளம்புவாரு. எத்தனை தடவை கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லியிருப்பேன், இன்னைக்கு வேண்டாம், பாதை சரியில்லை, ஒரு வாரம் எழுதலைன்னா ஓடை கோவிச்சுக்காதுன்னு. சிரிச்சுக்கிட்டே குடையை எடுத்துக்கிட்டுப் போயிடுவாரு. சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு. அப்புறம் டவுனுக்கு மாத்தல் வாங்கிக்கிட்டு நான் மட்டும் இறங்கிட்டேன். வெள்ளம் வந்த அன்னைக்குக் காலையில போன் பண்ணினாரு. 'ஓடை இன்னைக்கு யாரும் பார்க்காத உயரத்துக்கு வரப் போகுது'ன்னு சின்னப் பிள்ளை மாதிரி குதிச்சாரு. போகாதீங்கன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொல்லலை.

— ஏன் அண்ணி?

— சொல்லி என்ன ஆகப் போகுது? என் பேச்சைக் கேட்டு ஒரு நாளாவது நின்ன மனுஷனா? 'பார்த்துப் போங்க'ன்னு சொல்லி வச்சுட்டேன். அதை நினைச்சு நான் அழறதே இல்லை. நான் சொல்லியிருந்தாலும் போயிருப்பாரு. அந்த ஒரு நினைப்புதான் எனக்குத் தூக்கம் கொடுக்குது.

— அண்ணி, நோட்டு மேசை டிராயர்லதான் இருக்கு. எடுத்துட்டுப் போங்க. அது உங்களோடது.

— வேண்டாம். வீட்டுக்குக் கொண்டு போனா ஒரே மூச்சுல படிச்சுடுவேன். அப்புறம் என்ன பண்றது? எத்தனை பக்கம் பாக்கி?

— தெரியலை. நான் முன்னாடி புரட்டிப் பார்த்ததே இல்லை. அந்தந்த வாரத்துக்கு அந்தந்தப் பக்கம். அவரே வந்து சொல்ற மாதிரி இருக்கும் எனக்கும்.

— உனக்குமா?

— எனக்கும்தான். ஏழெட்டு வருஷம் ஒரே தட்டுல சாப்பிட்ட மாதிரி இருந்தோம். உங்களுக்கு மட்டும்தான் வியாழக்கிழமையா?

— சரி. இங்க வந்து உக்காரு. பக்கத்துல உக்காரு. அதுல நம்பர் மட்டும்தான் எழுதியிருக்காரா?

— கீழே குறிப்புன்னு ஒரு வரி இருக்கும். சில வாரம் காலியா இருக்கும். அதை நான் அனுப்பலை. அனுப்பற மாதிரி இருக்காது.

— ஏன்? என்ன எழுதியிருக்காரு?

— போன வாரத்துது, 'கை உறையில ஓட்டை. அவகிட்ட சொன்னா தைச்சுத் தருவா, ஆனா ரெண்டு பாட்டு விடுவா'ன்னு இருந்துச்சு. அதை எப்படி அண்ணி ஆபீஸுக்கு அனுப்ப?

— தைச்சுக் கொடுத்தேன். பாட்டும் விட்டேன். எடு அந்த நோட்டை. இன்னைக்கு அனுப்பறதா இருந்தியே, அந்தப் பக்கத்தைப் படி. எனக்கு எழுத்து எல்லாம் கலங்கலாத் தெரியுது.

— இன்னைக்கு நான் இதை அனுப்ப மாட்டேன் அண்ணி. இனிமே மாட்டேன்.

— அனுப்ப வேண்டாம். எனக்குப் படி. அது போதும். அப்புறம் ரெண்டு பேருமாக் கீழ இறங்கலாம். நீ ரெண்டாவது வளைவுல நின்னுட்டா நானும் நிக்கறேன்.

— சரி. இதோ, இதுதான். மணி பத்து அம்பத்தாறு. இருபத்தெட்டு புள்ளி நாலு. அலை ரெண்டு.

— பத்து அம்பத்தாறு. அவரேதான். குறிப்பு இருக்கா?

— இருக்கு. மூணு வரி.

— படி.

— இது வேண்டாம் அண்ணி. நோட்டை மூடிடறேன்.

— மூடாதே. படிப்பா.

— 'நல்ல மழை. அவ கையைப் பிடிச்சுக்கிட்டுப் போகாதீங்கன்னு சொன்னா, வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். அவளுக்குத் தெரியாம பின்கட்டுல உக்காந்து இந்த நம்பரைக் குத்துமதிப்பா எழுதினேன். அவ எப்போ சொன்னாலும் எனக்குக் கால் எழும்பறது இல்லை.'